செம்மறி வளர்ப்பு: மாசி முதல் சித்திரை வரை என்ன போடுவீர்கள்?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் செம்மறி வளர்க்கப் புதிதாக இறங்குபவர்கள் முதலில் விசாரிப்பது கொட்டகையைப் பற்றித்தான். பரண் எத்தனை அடி உயரம், தரைக்குப் பலகையா பிளாஸ்டிக்கா, கூரைக்குத் தகரமா சிமெண்ட் ஷீட்டா என்று கேட்பார்கள். அடுத்து எந்த இனம் வாங்கலாம் என்று வரும். தீவனப் பேச்சு கடைசியில்தான் வரும், அதுவும் 'சூப்பர் நேப்பியர் கரணை எங்கே கிடைக்கும்' என்ற அளவில். இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை ஆரம்பத்திலேயே தீரும் என்பது என் கட்சி.

'வளர்ப்பு முறை' என்று கால்நடைத் துறையினர் சொல்வது கொட்டகையின் வடிவத்தை அல்ல. ஆடு எதைத் தின்கிறது, தானே நடந்துபோய்த் தின்கிறதா, நாம் கொண்டுவந்து போடுகிறோமா, குட்டி எந்த மாதம் விழுகிறது, எந்த மாதம் விற்கிறோம் என்ற மொத்த ஏற்பாட்டுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. கொட்டகை அந்த ஏற்பாட்டில் ஒரு சின்ன உறுப்பு.

பாதி வறண்ட நிலம் என்றால்

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் ஆண்டுக்கு 800 முதல் 900 மில்லிமீட்டர் வரை மழை கிடைக்கிறது. லண்டனுக்குக் கிடைப்பது சுமார் 600தான். அங்கே புல் வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கிறது, நம் கரடோ பங்குனியில் காவி நிறத்துக்குப் போய்விடுகிறது. காரணம், விழும் மழையைவிட வெயிலும் காற்றும் உறிஞ்சிவிடக்கூடிய நீர் இங்கே மிக அதிகம். உறிஞ்சக்கூடிய அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பாதிக்குள் மழை இருந்தால் அதைப் பாதி வறண்ட பகுதி என்று கணக்கிடுகிறார்கள்.

மழை எப்போது விழுகிறது என்பதும் முக்கியம். சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் கோடை மழை இரண்டு மூன்று உழவுக்கு வரும். ஆடியில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்றும்தான் நல்ல மழை மாதங்கள். கார்த்திகைக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து, தை பிறந்ததும் வானம் வெளுத்துவிடும். ஆக, மேய்ச்சல் நிலத்தில் பச்சை இருப்பது ஏறக்குறைய ஆறு மாதம். அடுத்த இரண்டு மாதம் அறுவடைத் தாளும் காய்ந்த புல்லும் ஓட்டிவிடும். மாசி, பங்குனி, சித்திரைதான் வாய் காயும் காலம். ஒருவர் ஆடு வளர்ப்பில் நிற்பாரா, இரண்டாம் வருஷம் விட்டுவிடுவாரா என்பதை இந்த மூன்று மாதங்கள் சொல்லிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். நம் பக்கத்து மேச்சேரிப் பெட்டை ஆடு ஒன்று 22 முதல் 25 கிலோ இருக்கும். உடல் எடையில் சுமார் மூன்றரை சதவீதம் காய்ந்த பொருள், அதாவது தண்ணீர் நீக்கிய தீவன எடை, அதற்கு ஒரு நாளைக்கு வேண்டும், அதாவது ஏறக்குறைய 900 கிராம். இருபது ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 18 கிலோ, நூறு நாளுக்கு 1,800 கிலோ. மேய்ச்சலில் பாதி கிடைக்கும் என்று தாராளமாக வைத்தாலும், மீதி 900 கிலோ காய்ந்த தீவனம் தை மாதத்திலேயே போராகவோ கட்டாகவோ உங்கள் களத்தில் இருந்தாக வேண்டும். கட்டுக் கணக்கில் யோசிக்காமல் ஒரு கட்டைத் தூக்கித் தராசில் வைத்து எடை பாருங்கள். பத்துக் கிலோ என்று நினைத்தது ஆறு கிலோகூடத் தேறாமல் போகும்.

பச்சைத் தீவனம் என்றால் வேறு கணக்கு. கம்பு நேப்பியர் மாதிரிப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். 900 கிராம் காய்ந்த பொருளுக்கு நாலரைக் கிலோ பச்சைப் புல் அறுக்க வேண்டும். கோ 4, கோ 5 என்ற கம்பு நேப்பியர் ரகங்கள் எல்லாம் நல்லவைதான், ஆனால் அவை பாசனத்துக்கானவை. ஆயிரம் அடி போர் போட்டும் பங்குனியில் காற்று வரும் கிணற்றை நம்பி நேப்பியர் நட்டால், ஆட்டுக்குத் தீவனம் தேவைப்படும் அதே மாதத்தில்தான் அது கருகும். மானாவாரிக்குக் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனச் செடியும் சரியான ஜோடி. மூன்று பங்கு புல், ஒரு பங்கு முயல் மசால் என்று கலந்து விதைக்கலாம். வேலி ஓரத்தில் சவுண்டல், கிளிசிரிடியா, அகத்தி நட்டுவைத்தால் வேர் ஆழத்தில் இருக்கும் ஈரத்தை எடுத்துக் கோடையிலும் தழை கொடுக்கும். சவுண்டல் தழையில் மைமோசின் என்ற நஞ்சு கொஞ்சம் உண்டு, அதனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது போகக்கூடாது. வெள்வேல், கருவேல மரங்களின் காய் கோடையில் உதிரும்போது பொறுக்கிச் சாக்கில் கட்டி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைவிட மலிவான அடர்தீவனம் இந்தக் கரடுகளில் கிடையாது.

வெறும் தாள் ஏன் போதாது

ராகித் தாள் வேண்டிய மட்டும் போட்டும் ஆடு ஏன் எலும்பும் தோலுமாகப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. செம்மறியின் முதல் வயிற்றை மாவு புளிக்கும் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாரைச் செரிப்பது ஆடு அல்ல, அந்தப் பானைக்குள் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவை பெருக நைட்ரஜன் வேண்டும், அது தீவனத்தின் புரதத்திலிருந்து வர வேண்டும். தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், தின்ற தாள் செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும். வயிறு நிறைந்திருப்பதால் ஆடு மேலும் தின்னாது. பார்ப்பதற்கு வயிறு உப்பி நன்றாகத் தெரியும், முதுகெலும்பைத் தடவினால் கத்தி மாதிரிக் குத்தும்.

ராகித் தாளிலும் சோளத் தட்டிலும் புரதம் அந்த 7 சதவீதத்தை எட்டாது. நிலக்கடலைக் கொடியும், கொள்ளு அடித்தபின் மிஞ்சும் பொட்டும், துவரை அடித்த சருகும் பயறு வகைச் செடியிலிருந்து வருவதால் அதைத் தாண்டிவிடும். தாளோடு கொடியைக் கலந்து போட்டால் தாளும் சேர்ந்து செரிக்கும். மானாவாரியில் ராகி, ஊடுபயிராக அவரையும் துவரையும், புரட்டாசி ஐப்பசியில் கொள்ளு என்று நம் ஊரில் காலங்காலமாக விதைத்துவந்த வரிசை மனிதச் சாப்பாட்டுக்கு மட்டும் போட்ட திட்டம் அல்ல என்று எனக்குத் தோன்றும். கிருஷ்ணகிரியை அடுத்த பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பையூர் 1, பையூர் 2 என்று கொள்ளு ரகங்களே வந்திருக்கின்றன. ஒரு ஏக்கர் கொள்ளு விதைத்தால் பொட்டையும் சேர்த்து வரவில் எழுதுங்கள். அதை மாட்டுக்கு என்று தனியாக ஒதுக்கிவிட்டு, ஆட்டுக்குக் கடையில் மூட்டைத் தீவனம் வாங்குவது நல்ல கணக்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை. மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் ஆட்டை விடாதீர்கள். அந்த நிலையில் பயிரில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். மேய்ந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி விழும், மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிடும். பூ வந்தபின் அறுத்து, காயவைத்துப் போட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

மேய்ச்சல், கிடை, பரண்

இவ்வளவும் தெரிந்தபின் முறைகளுக்கு வரலாம்.

பழையது முழு மேய்ச்சல். காலையில் பட்டியைத் திறந்து, ஏரிக்கரை, கரடு, புறம்போக்கு, அறுத்த கொல்லை என்று ஓட்டிப்போய் அந்தியில் அடைப்பது. தீவனச் செலவு கிடையாது, கூடவே போகும் ஆளின் நாள்தான் செலவு. இந்த முறை இன்று தேயக் காரணம் ஆடு அல்ல, இடம். புறம்போக்கு மனையாகிறது. மாந்தோப்புகளுக்குக் கம்பிவேலி வந்துவிட்டது, பூ நேரத்தில் மருந்து அடித்திருப்பார்கள். காவிரியை ஒட்டிய காடுகளில் 2014இல் வடக்குச் சரணாலயமும் 2022இல் தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. முன்பு போல் காட்டுக்குள் மந்தையை ஓட்டிக்கொண்டு போக முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடு மேய்க்க வரும் பிள்ளைகள் இல்லை. அவர்கள் ஓசூர்க் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகிறார்கள். அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

செம்மறி குனிந்து புல் மேயும் பிராணி. வெள்ளாடு பின்காலில் எழும்பி நின்று தழையை எட்டும், செம்மறிக்கு அந்த வித்தை வராது. மேல் உதடு நடுவில் பிளந்திருப்பதால் தரையோடு தரையாகப் புல்லைக் கடித்துவிடும். ஒரே இடத்தில் தினம் விட்டால் புல்லின் குருத்தே போய் அடுத்த மழைக்கு அங்கே ஆவாரையும் உண்ணிச்செடியும்தான் வரும். நிலத்தை நாலைந்து பாத்தியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதன் முதல் காரணம் இதுதான். கோடையில் நேரத்தையும் மாற்ற வேண்டும். உச்சி வெயிலில் மந்தையைக் கவனித்திருப்பீர்கள்: ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு, வட்டமாக, அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் அது மேயவில்லை, சூட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. விடியலில் மூன்று மணி நேரம், வெயில் தாழ்ந்து மூன்று மணி நேரம் என்று பிரித்தால் அதே நிலத்தில் வயிறு கூடுதலாக நிறையும்.

இரண்டாவது, கிடை. அறுவடை முடிந்த கொல்லையில் இரவு மந்தையை அமர்த்தி, அதற்கு நிலத்துக்காரரிடம் பணமோ தானியமோ வாங்கிக்கொள்வது. தழை தேடி ஊர் ஊராகப் போகும் மந்தைக்காரர்களுக்கு இதுதான் மாதச் சம்பளம். 'ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்பது சும்மா சொன்னதல்ல. ஆட்டுப் புழுக்கையில் நைட்ரஜன் சுமார் 3 சதவீதம், மாட்டுச் சாணத்தைவிட மிக அதிகம், சீக்கிரம் பயிருக்குக் கிடைக்கும். மூத்திரமும் அங்கேயே இறங்குகிறது. நம் மாவட்டங்களில் குறும்பர்கள் கம்பளி தரும் கரும் ஆடுகளை வைத்துக்கொண்டு, கிடையும் போட்டு, கம்பளியும் நெய்து வாழ்ந்தவர்கள். கம்பளிக்கு விலை போய்விட்டது, கிடைக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது.

எதிர்முனையில் பரண் முறை. தரையிலிருந்து உயர்த்திய இடைவெளித் தளத்தில் ஆட்டை நிறுத்தி முழுத் தீவனத்தையும் நாமே போடுவது. பெரிய ஆடு ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி. புழுக்கை கீழே விழுவதால் குளம்பு நோயும் குடற்புழுவும் குறையும், மழைக்காலத்தில் அது பெரிய நிம்மதி. ஆனால் தீவனம், ஆள்கூலி, கடன் வட்டி மூன்றும் ஒவ்வொரு நாளும் ஓடும். தேசிய கால்நடை இயக்கத்தில் 2021 முதல் 500 பெட்டை, 25 கிடா கொண்ட பண்ணைக்குப் பாதி மானியம், உச்சமாக 50 லட்சம் வரை என்று வந்தபின் பரண் மோகம் கூடியது. மானியம் நல்ல விஷயம்தான். ஆனால் மேலே போட்ட கணக்கை 500 ஆட்டுக்கு ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்: நாள் ஒன்றுக்கு 450 கிலோ காய்ந்த பொருள். மானாவாரி நிலத்துக்காரர் அதற்கு எங்கே போவார்?

சந்தையில் மூன்று நான்கு மாதக் கிடாக்குட்டி வாங்கி, மூன்று மாதம் கொழுக்கவைத்து விற்பதும் ஒரு முறை. அதில் தாய் ஆட்டின் தீவனச் சுமை இல்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் சாமர்த்தியம் இருப்பவருக்கு அது பிழைப்பு. சந்தையிலிருந்து வரும் குட்டியைப் பதினைந்து இருபது நாள் தனியாக வைக்காமல் மந்தையில் கலப்பவருக்கு அது நஷ்டம்.

நடுவில் இருப்பது அரை மேய்ச்சல். நாலைந்து மணி நேரம் வெளியே, மாலையில் பட்டியில் கொஞ்சம் கொடி, கொஞ்சம் தழை, சினையாடு பாலாடு இரண்டுக்கு மட்டும் நூறு நூற்றைம்பது கிராம் தவிடும் புண்ணாக்கும் கலந்த தீவனம், தொங்கவிட்ட தாது உப்புக்கட்டி, காய்ந்த தீவனக் காலத்தில் நாள் முழுக்கத் தண்ணீர். நாலு ஏக்கர் மானாவாரியும் இருபது முப்பது பெட்டையும் உள்ள குடும்பத்துக்கு இதற்கு மேல் ஒரு முறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கொட்டகைக்குத் தென்னங்கீற்றும் மேடான மண்தரையும் போதும். மிச்சமாகும் பணத்தில் கொடி வாங்கிப் போர் போடலாம்.

இனம் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். சேலம், தர்மபுரி, ஈரோட்டுப் பக்கத்துச் சொந்த இனம் மேச்சேரி. வெளிர் பழுப்பு நிறம், கிடாவுக்கும் கொம்பு கிடையாது, கம்பளி இல்லாத குட்டை முடி. தோலுக்கு நல்ல பெயர் உண்டு. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிற்றுடம்பு என்று குறை சொல்வார்கள். வாய் காயும் மாதத்தில் அந்தச் சிற்றுடம்புதான் அதைக் காப்பாற்றுகிறது. இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து, எடை கூடும் என்று சொல்லி வாங்கிவரும் பெரிய ஆடுகளுக்குப் பெரிய வயிறும் கூடவே வரும்.

குட்டி எப்போது விழ வேண்டும்

செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம், 147 முதல் 150 நாள். பெட்டைக்குத் தீவனம் அதிகம் வேண்டிய காலம் இரண்டு: சினையின் கடைசி ஆறு வாரம், குட்டி போட்டபின் முதல் இரண்டு மாதம். கிடா வருஷம் முழுக்க மந்தையிலேயே திரிந்தால் குட்டிகள் எல்லா மாதமும் விழும். மாசியில் விழும் குட்டிக்குத் தாய் மடியில் பால் இருக்காது.

கிடாவைப் பிரித்துக் கட்டிவைத்து, கோடை மழைக்குப் புல் தலைகாட்டும் வைகாசியில் விட்டால் ஐப்பசியில் குட்டி விழும். தாய்க்கு அப்போது பச்சை உண்டு, அடுத்து ராகி அறுத்த கொல்லை உண்டு, கடலைக் கொடி உண்டு. குட்டி தாயை விட்டுப் பிரியும் தை மாதத்துக்குள் தானாக மேயப் பழகிவிடும். சங்கடம் என்னவென்றால் ஐப்பசி அடைமழையில் ஈரத்தரையில் பிறக்கும் குட்டிக்குச் சளி பிடித்து நுரையீரல் வீங்கும். ஒரு மாதம் முன்னதாகச் சித்திரையில் கிடாவை விட்டால் புரட்டாசியில் குட்டி, அடைமழைக்குள் கொஞ்சம் தேறியிருக்கும். ஆனால் சித்திரையில் பெட்டை மெலிந்திருப்பதால் பருவத்துக்கே வராமல் போகலாம். அதைச் சரிக்கட்ட, கிடா விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னிருந்தே பெட்டைக்குக் கருவேலங்காயோ தவிடோ கூடுதலாகப் போட வேண்டும். எது வசதி என்பது உங்கள் கொட்டகைத் தரையையும் கையிருப்பையும் பொறுத்தது. இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றிவிடுங்கள்.

நோயும் இதே நாட்காட்டியில்தான் ஓடுகிறது. முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லை வெறும் வயிற்றோடு ஆவலாகத் தின்ற கொழுத்த குட்டி மறுநாள் துள்ளி விழுந்து சாகும், அது துள்ளுமாரி. ஆண்டுதோறும் மழைக்கு முன் தடுப்பூசி போட்டால் தவிர்த்துவிடலாம். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. ஐப்பசி கார்த்திகையில் கடிக்கும், கொசு போன்ற சிறு பூச்சியால் நீலநாக்கு நோய் வரும், வாய் புண்ணாகி உதடு வீங்கி மந்தையே நொண்டும். குடற்புழு தனிக்கதை: இரத்தம் குடிக்கும் புழு ஒன்று நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் பனி ஈரத்தில் புல்நுனிக்கு ஏறும், அதனால் மழைக்காலத்தில் பனி காய்ந்தபின் ஓட்டுவது நல்லது. எந்த ஆட்டுக்குப் புழு அதிகம் என்று பார்க்க ஆட்டின் தலையைப் பிடித்துக் கட்டைவிரலால் கீழ் இமையை இறக்குங்கள். உள்பக்கம் மாதுளை நிறமாக இருந்தால் பயமில்லை. வெளிர் ரோஜாவாக இருந்தால் மருந்து கொடுங்கள். காகித வெள்ளையாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை ஊற்றும் வழக்கத்தால் புழுக்களுக்கு மருந்து பழகிப்போய்விடும். தர்மபுரியில் குண்டலப்பட்டியில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ, உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலோ சாண மாதிரி கொடுத்துக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

எப்போது வாங்குவது, எப்போது விற்பது

போச்சம்பள்ளியில் ஞாயிறு, நல்லம்பள்ளியில் செவ்வாய், குந்தாரப்பள்ளியில் வெள்ளி. மூன்று சந்தையையும் சும்மா வேடிக்கை பார்க்கவாவது நாலு முறை போய்வாருங்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் இடத்தில் எடைக்கண் இல்லாதவர் ஏமாறுவார். வீட்டில் ஒரு தொங்கு தராசு வைத்து உயிர் எடை பார்த்துக்கொண்டு போனால் நஷ்டம் பாதி குறையும்.

விலை ஏறும் நாட்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: தீபாவளி, மாட்டுப்பொங்கல், பக்ரீத், ஆடித் திருவிழாக்கள். ஓசூர்ப் பக்கம் யுகாதிக்கு மறுநாள் கறி இல்லாத வீடு அபூர்வம். விலை இறங்கும் நாட்களை யாரும் காலண்டரில் குறிப்பதில்லை. மழை தவறிய வருஷம் பங்குனி பாதிக்கு மேல், தாள் தீர்ந்தவர்கள் சினைப் பெட்டையைக்கூடச் சந்தைக்கு ஓட்டிவருவார்கள். ஐப்பசியில் வாங்க முடியாத நல்ல பெட்டைகள் அப்போது கட்டுப்படியாகும் விலைக்கு வரும். பல்லைப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து, இமையை இறக்கிப் பார்த்து வாங்கலாம். களத்தில் கடலைக்கொடிப் போர் நிற்பவர் மட்டும்தான் அந்த வாரம் வாங்குகிற பக்கம் நிற்க முடியும். ஆகவே முதல் வருஷம் கொடியையும் பொட்டையும் சேருங்கள். பத்துப் பெட்டையை அடுத்த பங்குனியில் வாங்கிக்கொள்ளலாம்.